முடித்த கேமையே அவர் மறுபடி ஏன் விளையாடுகிறார்?

கேள்வி:

நாங்கள் பினாங்கு, சுங்கை ஆராவில் இருக்கிறோம். என் கணவருக்கு 37 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக வேலை செய்கிறார். 12 மணி நேர ஷிப்டு, பகலும் இரவும் மாறி மாறி வரும். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. வீடியோ கேம் மட்டும்தான் அவருடைய பொழுதுபோக்கு. அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அவர் விளையாடுவது பெரும்பாலும் ஒரே கேம், ரெசிடென்ட் ஈவில் 4. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடித்த சமயத்தில் கொம்தார் பக்கம் ஒரு கடையில் முதன்முதலாக வாங்கினாராம். இப்போது அதையே பிளேஸ்டேஷன் 4-இல் விளையாடுகிறார். எத்தனை தடவை முடித்தார் என்று அவருக்கே கணக்கில்லை. முடித்ததும் கொஞ்ச நாள் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

போன மாதம் அவர் பிறந்தநாளுக்குக் கடைப் பையனிடம் "இருப்பதிலேயே நல்ல கேம் எது?" என்று கேட்டு, 200 வெள்ளிக்கு மேல் கொடுத்து எல்டன் ரிங் வாங்கிக் கொடுத்தேன். ரொம்ப சந்தோஷம் என்றார். இன்றுவரை பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அதே பழைய கேம்தான் ஓடுகிறது. நானும் ஆஸ்ட்ரோவில் பழைய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். ஆனால் படம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடுமே. இவர் வாரக்கணக்கில் இதையே விளையாடுகிறார். அவர் மனதில் ஏதாவது பிரச்சினையா? கேமுக்கு அடிமையாகிவிட்டாரா? இல்லை, நான் வாங்கிக் கொடுத்தது பிடிக்கவில்லையா? ஆறு வயது மகனும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறான். என்ன செய்வது?

– ஒரு வாசகி, பினாங்கு

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

பிரச்சினையா, அடிமையா என்று முதலில் கேட்டாலும், பிரிக்கப்படாத அந்த உறைதான் உங்களை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது என்று நினைக்கிறேன். யோசித்து, விசாரித்து, பணம் கொடுத்து வாங்கிய ஒன்று அலமாரியில் கிடந்தால் மனம் வலிக்கத்தான் செய்யும். அதைப் பெரிதுபடுத்தாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பிடிக்காததால் அவர் அதை ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்று சொல்வதற்கு, அவர் கையில் இருக்கும் கேமைப் பற்றி முதலில் கொஞ்சம் பேச வேண்டும்.

ரெசிடென்ட் ஈவில் 4 ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட கேம். லியோன் என்ற அமெரிக்க அதிகாரி, கடத்தப்பட்ட ஜனாதிபதி மகளைத் தேடி ஸ்பெயினில் ஒரு குக்கிராமத்துக்குப் போகிறான். முதல் முறை விளையாடுகிறவர் அந்தக் கிராமத்துக்குள் நுழையும்போது எதுவும் தெரியாமல் நுழைகிறார். ஊரே கோடாரியும் கவையுமாகத் துரத்துகிறது. ஒரு வீட்டுக்குள் ஓடி ஒளிந்தால், முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் மரம் அறுக்கும் இயந்திரத்தோடு வருகிறான். துப்பாக்கியில் குண்டு தீர்கிறது, கை நடுங்குகிறது. உயிரோடு தாக்குப்பிடித்தால் ஒரு கட்டத்தில் தேவாலய மணி அடிக்கிறது. துரத்தியவர்கள் அத்தனை பேரும் ஆயுதத்தைத் தாழ்த்திவிட்டு நடந்து போய்விடுகிறார்கள். முதல் முறை விளையாடுகிறவருக்கு அந்த மணி பெரிய விடுதலை, பெரிய புதிரும்கூட.

உங்கள் கணவர் இப்போது அதே கிராமத்துக்குள் நுழையும்போது, அந்த வீட்டு மாடிச் சுவரில் ஒரு ஷாட்கன் மாட்டியிருப்பது அவருக்குத் தெரியும். எந்தச் சன்னலில் ஏணி வைப்பார்கள், கோபுரத்தில் ஏறினால் எதை வீசுவார்கள், மணி ஏறக்குறைய எப்போது அடிக்கும் எல்லாம் தெரியும். ஆரம்பத்தில் காட்டுப் பாதையில் கண்ணியில் காலை மாட்டிக்கொண்ட ஒரு நாய் கிடக்கும். அவசரத்தில் ஓடுகிறவர்கள் அதைக் கவனிக்காமல் போய்விடுவார்கள். அதை விடுவித்திருந்தால், பிறகு ஒரு ராட்சதனோடு சண்டை வரும்போது அதே நாய் வந்து உதவும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு விளையாடும்போது திரையில் அதே படம் ஓடினாலும், அவர் செய்கிற வேலை வேறு. அன்று தப்பிப் பிழைத்தார். இன்று திட்டம் போடுகிறார். எந்தக் குண்டை எங்கே மிச்சம் பிடிப்பது, எந்தத் துப்பாக்கியை முதலில் மேம்படுத்துவது, கத்தியை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று தனக்குத்தானே சோதனை வைத்துக்கொள்கிறார்.

அந்தக் கேமும் இதற்கென்றே அமைக்கப்பட்டது. ஒரு முறை முடித்துவிட்டால், சேர்த்த ஆயுதங்களோடு மறுபடி தொடங்கலாம். முன்பு கிடைக்காத ஆயுதங்கள், கேமுக்குள் ஆயுதம் விற்கும் கடைக்காரனிடம் வரும். கடினமான ஒரு நிலை புதிதாகத் திறக்கும். இன்னொன்றும் உண்டு, இது பலருக்குத் தெரியாது: நன்றாக விளையாடினால் எதிரிகள் சத்தமில்லாமல் கடுமையாகிறார்கள், அடிக்கடி செத்தால் கொஞ்சம் இளகுகிறார்கள். அதனால் இருபது வருடம் பழகியவர் சந்திக்கும் கிராமம், எஸ்.பி.எம். எழுதிவிட்டு வந்த பையன் சந்தித்த கிராமத்தைவிடக் கடினமானது. முடித்த பிறகும் விளையாட வைக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தத் துறையில் ரொம்பப் பழையது. 1986-இல் வந்த தி லெஜண்ட் ஆஃப் செல்டா, முடித்தவர்களுக்கு இடங்கள் மாற்றி வைக்கப்பட்ட இரண்டாவது தேடல் ஒன்றைக் கொடுத்தது. 1995-இல் குரோனோ டிரிகர், முடித்தபோது இருந்த பலத்தோடு மறுபடி தொடங்கும் முறையைக் கொண்டுவந்து அதற்கு நியூ கேம் பிளஸ் என்று பெயரும் வைத்தது. இன்று எத்தனையோ கேம்களில் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

நீங்கள் சொன்ன படத்துக்கும் கேமுக்கும் உள்ள வித்தியாசம் நேரத்தில் மட்டும் இல்லை. படத்தை எத்தனை தடவை பார்த்தாலும் கதாநாயகன் அதே இடத்தில்தான் அடி வாங்குவான். நீங்கள் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். கேமில் அடி வாங்குவதும் வாங்காமல் தப்பிப்பதும் விளையாடுகிறவர் கையில் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் நீங்களும் அவரும் ஒன்று: முடிவு தெரிந்தாலும் ரசனை குறைவதில்லை. 2011-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஜொனாதன் லெவிட், நிக்கலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் சிறுகதைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தபோது, வாசகர்கள் சராசரியாக இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ரசித்தார்கள். அடுத்து என்ன ஆகுமோ என்ற கவலை போய்விட்டால், எப்படி ஆகிறது என்று பார்க்க மனதுக்கு இடம் கிடைக்கிறது.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது சலிப்பாகத் தோன்றுவதும் இயல்புதான். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட் ஓ'பிரையன் 2019-இல் வெளியிட்ட ஆய்வுகள் இதைப் பற்றியவை. 3,000 பேருக்கு மேல் பங்கெடுத்தார்கள். இப்போதுதான் அனுபவித்த ஒன்றை, ஒரு கண்காட்சியோ படமோ கேமோ, மறுபடி அனுபவித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டபோது, போரடிக்கும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். செய்து பார்த்தவர்களுக்கு எதிர்பார்த்த அளவு போரடிக்கவில்லை. முதல் முறை கண்ணில் படாதவை இரண்டாவது முறை பட்டன. நீங்கள் சோபாவிலிருந்து பார்த்துவிட்டு "அதேதானே" என்று நினைப்பது, அந்த ஆய்வில் பலரும் நினைத்ததைத்தான்.

சரி, இதெல்லாம் கேமின் பக்கத்துக் காரணங்கள். உங்கள் வீட்டில் இதைவிட முக்கியமானது அவருடைய வேலை என்று நினைக்கிறேன்.

12 மணி நேர ஷிப்டு செய்கிற டெக்னீஷியன்களோடு நான் நிறையப் பேசியிருக்கிறேன். அந்த வேலையில் ஒரு கொடுமை உண்டு. இயந்திரம் ஒழுங்காக ஓடினால் அவரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நின்றால்தான் அவர் பெயரைக் கூப்பிடுவார்கள், அதுவும் அவசரத்தோடும் எரிச்சலோடும். நன்றாக வேலை செய்ததற்கு அடையாளமே, ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான். இப்படி ஒரு நாளைக் கழித்துவிட்டு வருகிறவருக்கு, தன் திறமை தன் கண்ணுக்கே தெரிகிற ஒரு இடம் வேண்டியிருக்கிறது. ரிச்சர்ட் ரயன், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி ஆகிய மூவர் 2006-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, கேம்கள் மனிதர்களை ஏன் ஈர்க்கின்றன என்பதற்கு மூன்று தேவைகளைச் சொன்னது: எனக்கு இது கைவருகிறது என்ற உணர்வு, நானே முடிவெடுக்கிறேன் என்ற உணர்வு, பிறரோடு சேர்ந்திருக்கிறேன் என்ற உணர்வு. உங்கள் கணவர் தனியாக விளையாடுகிறார், மூன்றாவது இதில் குறைவு. முதல் இரண்டும் அந்தக் கேமில் அவருக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. பல வருடம் பழகிய இடம். குறி வைத்தால் படுகிறது. எந்தப் பாதையில் போவது என்று சொல்ல மேலாளர் யாரும் இல்லை.

அடுத்தது, களைப்பு. புதுக் கேம் என்பது புது வேலையில் சேர்வது போன்றது. பொத்தான்கள் வேறு, வரைபடம் வேறு, விதிகள் வேறு, ஆட்களின் பெயர்களே நாக்கில் நிற்காது. முதல் சில மணி நேரம் கற்றுக்கொள்வதிலேயே போகும். இரவு ஷிப்டு முடித்துக் காலையில் வீட்டுக்கு வருகிறவரிடம் அதற்கான தெம்பு இருக்காது. பழக்கமான ஒன்று பழக்கமானது என்பதாலேயே மனதுக்கு இதமாகத் தெரியும் என்பதை ராபர்ட் ஸயன்ஸ் என்ற உளவியலாளர் 1968-இலேயே விரிவாக எழுதினார். களைத்த நேரத்தில் நாம் பழகியதன் பக்கம் போவதில் வியப்பில்லை.

இப்போது உங்கள் பரிசுக்கு வருகிறேன். கடைப் பையன் தவறாகச் சொல்லவில்லை. எல்டன் ரிங் 2022-இல் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருது வாங்கியது. ஆனால் அது எப்படிப்பட்ட கேம் என்று அவன் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். கதையை மட்டும் பின்பற்றி முடிக்கவே ஐம்பது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். எளிது, கடினம் என்று நிலையைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. எங்கே போக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லாது. திறந்த வெளிக்கு வந்த உடனேயே பொன்னிறக் கவசத்தோடு ஒரு குதிரை வீரன் நிற்பான். புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் அவனிடம் செத்துப் போவார்கள். செத்தால், அதுவரை சேர்த்துச் செலவழிக்காமல் வைத்திருந்த ரூன்கள் (அந்தக் கேமின் பணம்) விழுந்த இடத்திலேயே கிடக்கும். திரும்பப் போய் எடுப்பதற்குள் மறுபடி செத்தால் அதுவும் போச்சு. எல்லாவற்றையும்விட உங்கள் வீட்டுக்கு முக்கியமான ஒன்று: சண்டை நடக்கும்போது வழக்கமான முறையில் நிறுத்தி வைக்க அதில் பொத்தான் கிடையாது. "என்னங்க, கொஞ்சம் வாங்க" என்று நீங்கள் கூப்பிட்டால் ரெசிடென்ட் ஈவில் 4-ஐ அந்த நொடியே நிறுத்தலாம். எல்டன் ரிங்கில் பாதுகாப்பான இடம் பார்த்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மெனுவுக்குள் போய் வெளியேற வேண்டும்.

ஆறு வயதுப் பிள்ளை உள்ள வீட்டில், ஷிப்டு மாறும் வேலையில் இருக்கிற ஒருவர் இந்தக் கேமை நல்ல நாளுக்காக எடுத்து வைத்திருக்கிறார் என்பதுதான் எனக்கு அதிகம் பொருந்தி வருகிற விளக்கம். கேம் பிடித்தவர்களிடம் இது ரொம்பச் சாதாரணம். பெரிய கேம் என்று தெரிந்தால், அரைகுறை மனதோடு தொடங்கிக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தள்ளிப் போடுவார்கள். அதை உங்களிடம் வாய் திறந்து சொல்லாதது அவருடைய குறைதான். பரிசு கொடுத்தவருக்கு அந்த ஒரு வார்த்தை வர வேண்டியிருந்தது.

இன்னொரு காரணமும் இருக்கலாம், இதை அவரிடம்தான் கேட்க வேண்டும். கிறிஸ்டல் ரஸல், சிட்னி லெவி என்ற இருவர் 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே புத்தகத்தைத் திரும்பப் படிப்பவர்கள், ஒரே படத்தைத் திரும்பப் பார்ப்பவர்கள், ஒரே ஊருக்குத் திரும்பப் போகிறவர்கள் ஆகியோரை உட்கார வைத்து விரிவாகப் பேசினார்கள். பழைய நினைவில் தோய்வது மட்டும் அவர்கள் நோக்கமாக இல்லை. அந்தப் புத்தகமோ படமோ மாறாமல் அப்படியே இருப்பதால், தாங்கள் எவ்வளவு மாறியிருக்கிறோம் என்று அவர்களால் அதில் பார்க்க முடிந்தது. எஸ்.பி.எம். முடிந்து முடிவுக்குக் காத்திருந்த அந்த மாதங்கள் நம் நாட்டில் பல பிள்ளைகளுக்கு வாழ்க்கையிலேயே பொறுப்பில்லாத கடைசி விடுமுறை. ஆறாம் படிவமா, பாலிடெக்னிக்கா, நேராகத் தொழிற்சாலைக்குப் போவதா என்று எதுவும் தீர்மானமாகாத காலம். அந்தக் காலத்தில் வாங்கிய கேம் அது. அப்போது யாரோடு விளையாடினார், யார் வீட்டில் பிளேஸ்டேஷன் இருந்தது, கன்ட்ரோலரை யார் பிடுங்கினார்கள் என்று நீங்கள் கேட்டதுண்டா? ஒரு முறை கேட்டுப் பாருங்கள். உங்கள் கல்யாணத்துக்கு முந்தைய ஒரு மனிதரைப் பற்றி உங்களுக்குத் தெரியாத கதைகள் வரக்கூடும்.

மறுபடி விளையாடுகிற எல்லோருக்கும் காரணம் இதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். சிலர் டிராஃபி (கேமில் சாதித்தால் கிடைக்கும் பதக்கம்) முழுவதையும் சேர்க்க விளையாடுவார்கள். சிலர் வேகத்துக்காக விளையாடுவார்கள். 1985-இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸை ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதில் ஒரு நொடியின் சிறு பகுதியைக் குறைக்கவே வருடக்கணக்கில் பயிற்சி செய்கிறார்கள். கதை பிரியும் கேம்களில் அடுத்த முடிவைப் பார்ப்பதற்காகத் திரும்பப் போவார்கள். நம் கோலாலம்பூரின் காய்கன் கேம்ஸ் 2017-இல் வெளியிட்ட சிமுலாக்ரா அப்படிப்பட்டது. காணாமல் போன ஒரு பெண்ணின் கைப்பேசி உங்கள் கைக்கு வருகிறது, நீங்கள் யாருக்கு என்ன பதில் அனுப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். நீங்கள் வாங்கிக் கொடுத்த எல்டன் ரிங்குக்கும் ஆறு முடிவுகள் உண்டு. அவருக்கு அது பிடித்துப் போனால் அதையும் பலமுறை விளையாடுவார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அடிமையா என்று கேட்டீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11 2019-இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கேமிங் கோளாறு என்பது அதில் ஒரு நோயாகவே இருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு கையை விட்டுப் போவது. மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கேம் முதலிடத்துக்கு வருவது. கெடுதல் நடக்கிறது என்று தெரிந்தும் தொடர்வது, அல்லது கூட்டுவது. இவற்றால் குடும்பமோ வேலையோ உடம்போ நன்றாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அதுவும் பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். ஒரே கேமை எத்தனை தடவை விளையாடினார் என்ற கேள்வியே அதில் இல்லை. தினம் ஒரு புதுக் கேம் விளையாடுகிறவருக்கும் அந்தக் கோளாறு இருக்கலாம், ஒரே கேமை இருபது வருடம் விளையாடுகிறவருக்கு இல்லாமலும் போகலாம்.

உங்கள் கடிதத்தில் அவர் ஷிப்டைத் தவறவிட்டதாகவோ, பணத்தைக் கரைத்ததாகவோ, நிறுத்தச் சொன்னால் கத்துவதாகவோ ஒரு வரிகூட இல்லை. அதனால் அடிமை என்ற சொல்லை அவர் முன்னால் பயன்படுத்தாதீர்கள். ஒரு தடவை சொல்லிவிட்டால், பிறகு நீங்கள் கேமைப் பற்றி எதைக் கேட்டாலும் குற்றச்சாட்டாகவே அவருக்குக் கேட்கும்.

ஆனால் ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன், இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். விளையாடும்போது அவர் முகத்தைப் பாருங்கள். ஒரு இடத்தில் தப்பித்தால் சிரிக்கிறாரா, செத்தால் "ச்சே" என்கிறாரா, முன்னால் சாய்ந்து உட்கார்ந்து குறி வைக்கிறாரா? அப்படியானால் அவர் உண்மையாகவே விளையாடுகிறார். அல்லது கை மட்டும் பொத்தானை அழுத்த, முகம் செத்துப் போய், முடித்ததும் எந்தத் திருப்தியும் இல்லாமல் உடனே மறுபடி தொடங்குகிறாரா? முன்பு பிடித்த மற்றவையும் இப்போது வேண்டாம் என்கிறாரா? தூக்கம், சாப்பாடு மாறியிருக்கிறதா? வாரக்கணக்கில் இப்படி இருந்தால் கேமைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவரைப் பற்றிக் கவலைப்படுங்கள். மனச்சோர்வு பல ஆண்களிடம் இப்படிச் சத்தமில்லாமல்தான் வரும். இரவு ஷிப்டில் உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவதால் அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். அப்போது அருகில் உள்ள கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார மையம்) மருத்துவரைப் பாருங்கள், அல்லது பதிவு பெற்ற ஆலோசகரிடம் போங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணுக்கும் அழைத்துப் பேசலாம். வாழவே பிடிக்கவில்லை என்பது போல் அவர் ஏதாவது சொன்னால், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், அன்றே கூட்டிப் போங்கள்.

மகன் விஷயத்தில் எனக்குக் கருத்து ஒன்றுதான்: அவன் பார்க்கக் கூடாது. அந்தக் கேமுக்கு அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல், ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேல் என்று தரம் கொடுத்திருக்கிறார்கள். தலை துண்டாகும் காட்சி அதில் இருக்கிறது. எல்டன் ரிங்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆனதில்லை. அப்பாவுக்கு அது இருபது வருடப் பழக்கம், அடுத்து யார் எங்கிருந்து வருவான் என்று தெரியும், அதனால் அதன் பயங்கரம் அவர் கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும். பிள்ளைக்கு அப்படி இல்லை. அவன் ஒவ்வொன்றையும் முதல் தடவையாகப் பார்க்கிறான். கணவரிடம் இதை இப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார். பிள்ளைக்கு அப்பா பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். மாரியோ மாதிரி அவன் வயதுக்கு ஏற்ற ஒரு கேமை இருவரும் சேர்ந்து விளையாடட்டும். பெரியவர்கள் கேம் அவன் தூங்கிய பிறகு.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது உங்களுக்கு உதவும் ஒரு சிறு விவரம். அந்தப் பழைய கேமில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. அத்தியாயம் முடியும்போதோ, ஆங்காங்கே வைத்திருக்கும் தட்டச்சு இயந்திரங்களிடம் போனாலோதான் சேவ் ஆகும். அவர் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று சொல்வதில் பாதி அதனால்தான் இருக்கும். "உடனே நிறுத்துங்கள்" என்பதற்குப் பதில் "அடுத்த தட்டச்சு இயந்திரத்தில் நிறுத்திடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவசரம் என்றால் பிளேஸ்டேஷனை முழுவதும் அணைக்காமல் ரெஸ்ட் மோடில் போட்டுவிட்டு எழுந்து வரச் சொல்லுங்கள், திரும்பிப் போனால் விட்ட இடத்திலேயே நிற்கும். இரவு ஷிப்டு முடிந்து வந்த காலையில் மட்டும், படுக்கைக்குப் போவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் திரை வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். திகில் கேமை விளையாடிவிட்டு உடனே படுத்தால், களைத்த உடம்புக்கும் தூக்கம் வர நேரமாகும்.

அப்புறம், "முடிச்ச கேம்தானே, அதில் என்ன இருக்கு?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். "எந்த இடம் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், எனக்குக் காட்டுங்க" என்று ஒரு நாள் பக்கத்தில் உட்காருங்கள். அந்த நாயைப் பற்றிக் கேளுங்கள். நீங்கள் கேட்டதும் அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதிலேயே நான் மேலே சொன்ன கவலைக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

பரிசைப் பற்றியும் அதே நாளில் நேராகக் கேட்டுவிடுங்கள்: "நான் வாங்கித் தந்ததை ஏன் இன்னும் பிரிக்கலை? எனக்குக் கொஞ்சம் வருத்தமா இருக்கு." வருத்தம் என்ற சொல்லை விழுங்கிவிடாமல் சொல்லுங்கள். எனக்கு இந்த வகை பிடிக்காது என்று அவர் சொன்னால், அதுவும் நல்ல பதில்தான். உறை பிரிக்காத கேமை மாற்றித் தருகிற கடைகள் உண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பிடித்ததை எடுக்கச் சொல்லுங்கள். நேரம் கிடைக்கவில்லை என்றால், அவருடைய ஷிப்டு அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, சேர்ந்தாற்போல் இரண்டு மூன்று நாள் ஓய்வு வருகிற ஒரு வாரத்தைக் குறியுங்கள். அந்த நாட்களில் முதல் நாள் இரவு, பையனைத் தூங்க வைத்துவிட்டு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். பொன்னிறக் குதிரை வீரனிடம் அவர் பல தடவை சாவார். அவனோடு சண்டை போடாமல் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்று சொல்லிக் கொடுங்கள்.